கராத்தே: ஒரு பெயர் கைமாறிய கதை

கராத்தே வகுப்பில் சேரும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: ‘கரா’ என்றால் வெறுமை, ‘தே’ என்றால் கை, ஆயுதம் இல்லாத வெறுங்கைச் சண்டை. விளக்கம் சரிதான். ஆனால் அந்தக் கலைக்கு இருக்கும் வயது இந்த விளக்கத்துக்கு இல்லை. ஃபுனாகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவில் வெளியிட்ட புத்தகத்தைக் கராத்தேக்கென்றே அச்சான முதல் நூல் என்பார்கள். அதன் தலைப்பில் ‘கரா’ என்ற ஒலிக்கு வேறோர் எழுத்து இருந்தது. அந்த எழுத்துக்குப் பொருள் சீனா. அன்றைக்குக் கராத்தே என்பது சீனக் கை.

இந்த மாற்றத்தைக் கராத்தே வரலாற்றைத் தொட்ட எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 1930-களில் ஜப்பான் சீனாவோடு மோதலில் இறங்கியது, சீனப் பெயர் உறுத்தியது, எழுத்தை மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு வரியில் முடிப்பது வழக்கம். பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. எழுத்து மாறியது இரண்டாவது மாற்றம். அதற்கு முன்பே ஒலி மாறியிருந்தது. ஒலி மாறியிராவிட்டால் எழுத்தை மாற்ற வழியே இருந்திருக்காது. இரண்டாவதற்குக் கூட்டம் கூட்டினார்கள், குறிப்பெடுத்தார்கள், தேதியை விழாவாக்கினார்கள். முதலாவது பள்ளிக்கூடத்தில் சத்தமில்லாமல் நடந்துபோனது. எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

இது விளங்க ஜப்பானிய எழுத்தின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் எழுத்து ஒலியைக் காட்டும். சீன எழுத்து பொருளைக் காட்டும். அதைக் கடன் வாங்கிய ஜப்பானியர்கள் ஒரே எழுத்தைச் சீன ஒலியைத் தழுவியும் வாசிப்பார்கள், அதே பொருளுடைய தங்கள் சொந்தச் சொல்லாகவும் வாசிப்பார்கள். சீனாவின் தாங் அரச மரபைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு. சீன வழியில் அது ‘தோ’, ஜப்பானிய வழியில் ‘கரா’. வெறுமையைக் குறிக்கும் எழுத்து இன்னொன்று. சீன வழியில் அது ‘கூ’, ஜப்பானிய வழியில் ‘கரா’, வானம் என்ற பொருளில் வரும்போது ‘சோரா’. இந்த இரண்டு எழுத்துகளும் ஒலியில் சந்திக்கும் இடம் ஜப்பானியத்தின் ‘கரா’ ஒன்றுதான்.

அந்த முதல் ‘கரா’வும் ஆதியில் சீனாவைக் குறிக்கவில்லை. கொரியத் தீபகற்பத்தின் தென்முனையில் கயா, கரா என்றெல்லாம் அழைக்கப்பட்ட சிற்றரசுகள் இருந்தன. 562-ல் சில்லா அரசு அவற்றின் எச்சத்தையும் விழுங்கியது. ஜப்பானுக்கு மிக அருகில் இருந்த அயல்நாடு அதுவே. அந்தப் பெயரிலிருந்துதான் ‘கரா’ கிளைத்து, முதலில் கொரியாவையும், பிறகு சீனாவையும், கடைசியில் கடல் கடந்து வந்த எதையும் குறிக்கலாயிற்று என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. நம்மூரில் ‘சீமை’ செய்த வேலையை அங்கே தாங் எழுத்து செய்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், ஜப்பானுக்குக் கொண்டுவந்ததில் போர்ச்சுகீசியருக்குப் பங்குண்டு. ஆனாலும் ஜப்பானியர் மிளகாயைத் ‘தோகராஷி’ என்று தாங் எழுத்தைப் போட்டே எழுதுகிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கதை இன்னும் வேடிக்கை. 1605-ல் சீனாவின் ஃபூஜியானிலிருந்து அது ஒக்கினாவாவுக்கு வந்தது, அங்கிருந்து தெற்கு ஜப்பானின் சத்சுமாவுக்கு. சத்சுமாக்காரர்கள் அதைக் ‘கராஇமோ’, சீமைக்கிழங்கு, என்கிறார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய மற்ற ஜப்பானியர்கள் ‘சத்சுமாஇமோ’ என்கிறார்கள். தனக்கு முந்தைய படியில் நின்றவனின் பெயரைத்தான் ஒவ்வொருவரும் பொருளுக்கு வைக்கிறார்கள்.

சண்டைக் கலையும் இதே கடல்வழியில்தான் வந்தது. ஒக்கினாவா அன்று ஜப்பான் இல்லை. ரியூக்கியூ என்ற தனி அரசு. 1372 முதல் மிங் சீனாவுக்குத் திறை செலுத்தி வணிகம் செய்தது. 1392-ல் ஃபூஜியானிலிருந்து வந்த ‘முப்பத்தாறு குடும்பங்கள்’ நாஹா துறைமுகத்தை ஒட்டிய குமே கிராமத்தில் குடியமர்ந்தன என்பது மரபு. ஒவ்வொரு புதிய அரசரும் பட்டத்துக்கு வரும்போது சீனத் தூதுக்குழு ஒன்று வந்து மாதக்கணக்கில் தங்கும். 1609-ல் சத்சுமாப் படை ரியூக்கியூவை அடக்கிய பிறகும் இந்த உறவு அறுந்துவிடவில்லை. ஓரரசு, இரண்டு எசமானர்கள்.

அந்த மண்ணில் கலையின் பெயர் வெறும் ‘தீ’. நெருப்பு இல்லை, கை. ஜப்பானியத்தில் எகரம் வரும் இடத்தில் ஒக்கினாவா மொழியில் பெரும்பாலும் இகரம் வரும். அவர்களின் ‘தே’ இவர்களுக்குத் ‘தீ’. சீன வாடை உள்ளதைத் தனியே சுட்ட வேண்டுமானால் ‘தோதீ’: தாங் எழுத்தின் ‘தோ’வோடு கை. தலைநகர் ஷூரியில் வாழ்ந்த சாகுகாவா என்ற ஆசானுக்குத் ‘தோதீ சாகுகாவா’ என்றே பட்டப்பெயர். தமிழ்த் திரையில் ‘கராத்தே’ மணி என்று ஒருவரை நாம் அழைத்தோமே, அதே வழக்கம்தான்.

‘கராத்தே’யில் உள்ளது நம்முடைய ‘கரம்’தான் என்று மேடையில் முழங்குபவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தச் சொல்லில் கை இருப்பது கடைசியில், ‘தே’யில். முன்னால் இருப்பது சீனா அல்லது வெறுமை. பழைய வடிவமான தோதீயில் ‘கர’வே கிடையாது.

1866-ல் கடைசிச் சீனத் தூதுக்குழு வந்து ஷோ தாய் அரசருக்குப் பட்டம் சூட்டிப் போயிற்று. அதைக் கொண்டாட 1867-ல் ஷூரியில் நடந்த கலைநிகழ்ச்சியின் நிரல் ஒன்று கிடைத்திருக்கிறது. குமே கிராமத்தார் நிகழ்த்திய உருப்படிகளில் ‘கம்பும் தாங்கையும்’ என்று ஒன்று. ‘வெறுங்கை’ விளக்கத்தோடு சேர்ந்து ஒரு கதை எப்போதும் வரும்: சத்சுமாக்காரர்கள் வாளைப் பிடுங்கிக்கொண்டார்கள், குடியானவர்கள் வெறுங்கையால் போரிடக் கற்றார்கள் என்று. நிரலோ வேறு சொல்கிறது. கம்பும் கையும் ஒரே மேடையில், ஒரே உருப்படியில் வருகின்றன. பார்த்தவர்கள் குடியானவர்களும் அல்லர், அரசவை. ஆயுதம் இல்லாமை என்பது அன்றைய பெயரின் அடையாளமாகவே இருக்கவில்லை.

1879-ல் ஜப்பான் அந்த அரசை ஒழித்து ஒக்கினாவா மாவட்டமாக்கியது. பள்ளிகள் வந்தன, பாடமொழியாக ஜப்பானியம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வகுப்பில் தாய்மொழி பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கும்; இன்னொரு பிள்ளை வாய்தவறும்வரை அதைச் சுமக்க வேண்டும். நாஹாவில் 1900-ல் ஒரு பெண்கள் பள்ளியின் திறப்பு விழாவில் பேசிய பத்திரிகையாளர் ஓத்தா சோஃபு, தும்முவதைக்கூட மற்ற மாவட்டத்தாரைப் போலவே தும்ம வேண்டும் என்று தம் மக்களுக்கு அறிவுரை சொன்னார். அடிமைப் புத்தியென்று இன்று சிரிக்கலாம். ஆனால் 1903-ல் ஒசாகா பொருட்காட்சியில் ஒக்கினாவாப் பெண்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தியபோது கொதித்தெழுந்து எழுதியவரும் அவரே. வேறாகத் தெரிவதன் விலை என்னவென்று அறிந்த மனிதர்.

அந்தப் பள்ளிக்குள்தான் கலை நுழைகிறது. இதோசு அன்கோ (1831–1915) அதை உடற்பயிற்சியாகப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1908-ல் அவர் அதிகாரிகளுக்கு எழுதிய பத்து அறிவுரைகள் இன்றும் ஆசான்களின் சுவரில் தொங்குகின்றன. பிள்ளைகளைப் படைக்கு உதவும் உடலாக்கும் என்று பரிந்துரைக்கிறார். நெப்போலியனை வென்ற வெலிங்டனைக்கூடச் சாட்சிக்கு அழைக்கிறார். எழுதியது தாங் எழுத்திலேதான். ஆனால் ஜப்பானியம் மட்டுமே ஒலிக்கலாம் என்ற வகுப்பறையில் அந்த எழுத்தைத் ‘தோதீ’ என்று எப்படி வாசிப்பது? அங்கே அது ‘கராத்தே’ என்றே நிலைத்தது. எழுத்து அப்படியே இருந்தது. ஒலி நாடு மாறிவிட்டது. இதுதான் நான் சொன்ன முதல் மாற்றம்.

அந்தப் பத்து அறிவுரைகளின் தொடக்கம் தமிழ் வாசகருக்கு இன்னொரு வகையில் முக்கியம். இந்தக் கலை கன்பூசிய நெறியிலிருந்தோ பௌத்தத்திலிருந்தோ வந்ததல்ல என்கிறார் இதோசு. காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனா போய்ச் சண்டை கற்பித்தார், அதுவே கராத்தே ஆயிற்று என்ற கதை, ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு நம்மிடையே வேதவாக்காகிவிட்டது. 645 அளவில் எழுதப்பட்ட சீனத் துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்தியர் என்று சொல்வது உண்மை. அதற்கு முந்தைய, 547 அளவிலான குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. இரண்டிலும் அவர் தியான ஆசான், குத்துமில்லை, உதையுமில்லை. அவரை உடற்பயிற்சியோடு முடிபோட்டது 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘யிஜின் ஜிங்’ என்ற நூல். சீன அறிஞர் தாங் ஹாவ் 1930-களிலேயே இதைத் தோலுரித்துவிட்டார். ஃபுனாகோஷியின் நூல்களிலும் போதிதர்மர் கதை வரத்தான் செய்கிறது. பழைய தலைமுறை ஆசானோ அதற்கு முன்பே கையை விரித்துவிட்டார்.

இனி டோக்கியோ. 1922-ல் அங்கு நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு ஒக்கினாவாவிலிருந்து போன பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷி திரும்பி வரவில்லை. ஜூடோவின் நிறுவனர் கானோ ஜிகோரோ தம் கோடோகன் கூடத்தில் அவரை நிகழ்த்திக்காட்ட அழைத்தார். கானோ 1882-லேயே ‘ஜுஜுத்சு’வின் ‘ஜுத்சு’வை, அதாவது வித்தை என்பதை, நீக்கி ‘தோ’, நெறி, என்று மாற்றியவர்; இது தாங் எழுத்தின் ‘தோ’ அல்ல. வாள்வித்தையும் 1919 வாக்கில் ‘கெண்டோ’ ஆயிற்று. ஜப்பானில் சண்டைக் கலை மதிக்கப்பட வேண்டுமானால் பெயர் ‘தோ’வில் முடிய வேண்டும், அயல் வாடை இருக்கக் கூடாது. கியோட்டோவில் இருந்த ‘தாய் நிப்பான் புத்தோக்குகாய்’ என்ற அரசுச் செல்வாக்குள்ள சபை அங்கீகாரம் தந்தால்தான் ஆசானுக்குப் பட்டமும் மரியாதையும். ஒக்கினாவாவில் 1933-ல் அந்த அங்கீகாரம் வந்தது. அப்போதும் தாங் எழுத்தே.

மாணவர்கள் முந்திக்கொண்டார்கள். கெய்யோ பல்கலைக்கழகக் கராத்தே சங்கம் 1929-ல், காமகுராவின் எங்காகுஜி ஜென் மடத்தில் ஓதப்படும் இதய சூத்திரத்தின் துணையோடு, வெறுமை எழுத்தை எடுத்துக்கொண்டது. உருவமும் வெறுமையும் வேறல்ல என்ற தத்துவம் சண்டைக் கலைக்கு மேலாடையாயிற்று. ஃபுனாகோஷி 1935-ல் வெளியிட்ட ‘கராத்தே-தோ கியோஹான்’ நூலில் இரண்டும் சேர்ந்தன: வெறுமை எழுத்தும் ‘தோ’வும். டோக்கியோவிலிருந்தும் ஒக்கினாவாவிலிருந்தும் கடுமையான எதிர்ப்பு வந்தது என்று அவரே பின்னாளில் எழுதினார்.

அவர் அதோடு நிற்கவில்லை. ‘காத்தா’ எனப்படும் பயிற்சி வரிசைகளின் பெயர்களையும் பிடித்துக்கொண்டார். ஒக்கினாவாவில் ‘குஷாங்கு’ என்றொரு காத்தா. 18-ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு சீனரின் பெயர் அது, 1762-ல் ஜப்பானியக் கரை ஒதுங்கிய ரியூக்கியூக் கப்பலாரிடம் கேட்டெழுதிய ‘ஓஷிமா ஹிக்கி’ என்ற குறிப்பில் அவரைப் பற்றிய செய்தி உண்டு. ஃபுனாகோஷி அதைக் ‘கன்கூ’ ஆக்கினார். வானை நோக்குதல் என்று பொருள். அந்தக் ‘கூ’ வேறெதுவுமில்லை, நம் வெறுமை எழுத்தேதான். சீன மனிதர் இருந்த இடத்தில் வானம் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘வான்ஷூ’ ‘என்பி’ ஆயிற்று, பறக்கும் தகைவிலான் குருவி. ‘சிந்தோ’ ‘கங்காகு’ ஆயிற்று, பாறைமேல் நாரை. இதோசு பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அமைத்த ஐந்து வரிசைகளுக்குப் பெயர் ‘பின்னான்’. அதை ‘ஹெய்யான்’ என்றார். இங்கே எழுத்து மாறவே இல்லை. அதே இரண்டு எழுத்துகள், சீனச் சாயலில் ‘பின்னான்’, ஜப்பானிய முறையில் ‘ஹெய்யான்’. கலையின் பெயரில் ஒலியை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றியவர், இதில் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றினார். அவருடைய சொந்தக் குடும்பப் பெயருக்குக்கூட 1922 நூலில் இருந்த எழுத்துகள் வேறு, பின்னாளில் எழுதியவை வேறு.

ஒக்கினாவா அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? 1936 அக்டோபர் 25. நாஹாவின் ஷோவா மண்டபத்தில் ‘ரியூக்கியூ ஷிம்போ’ நாளேடு ஒரு கலந்துரையாடலைக் கூட்டியது. ஹனாஷிரோ சோமோ, கியான் சோதோகு, மோத்தோபு சோகி, மியாகி சோஜுன், சிபானா சோஷின் என்று வாழும் பேராசான்கள் அநேகமாக எல்லாரும் வந்திருந்தார்கள். அரசு அதிகாரிகளும், இராணுவத் தரப்பிலிருந்து ஒருவரும் இருந்தார்கள். நாளேட்டின் சார்பில் அமர்ந்திருந்தவர் தும்மல் பேச்சின் அதே ஓத்தா சோஃபு. வந்திருந்த ஆசான்களில் குசுகுமா ஷின்பான் என்பவரும் ஒருவர். அதே எழுத்துகளை ஜப்பானிய முறையில் வாசித்து அவரை ஷிரோமா என்றும் அழைப்பார்கள். கூட்டத்தின் பொருள் அவர் பெயரிலேயே இருந்தது.

பேச்சு எழுத்தில் தொடங்கியது. டோக்கியோ மாணவர்கள் வெறுமை எழுத்துக்கு மாறிவிட்டார்கள், நாம் என்ன செய்வது? தம்மிடம் வருபவர்கள் ‘தீ சொல்லிக் கொடுங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள், தாங் எழுத்தைப் பொதுவழக்கு என்பதால் எழுதி வந்தேன் என்றார் மியாகி. கோஜு-ரியூ பாணியை நிறுவியவர் அவர். எழுத்து எதுவாயினும் அவருக்குப் பெரிய வழக்கில்லை. அறுபத்தேழு வயது ஹனாஷிரோ சொன்னதுதான் எதிர்பாராதது: தம்முடைய பழைய குறிப்பேட்டில் 1905-லேயே வெறுமை எழுத்தைப் போட்டுத்தான் எழுதினேன் என்றார். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததற்கும் முன்பு, டோக்கியோவுக்கும் முன்பு, 1930-களின் போர்முரசுக்கெல்லாம் முன்பு. சீன வெறுப்புதான் காரணம் என்ற ஒற்றை விளக்கம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. இதோசுவின் மாணவரும் பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஜப்பானிய ஒலியில் ‘கராத்தே’ என்று சொல்லிப் பழகிய பிறகு, ஜப்பானியத்தில் வெறுங்கை என்ற பொருளில் முன்பே வழங்கிய ‘கராத்தே’ என்ற சாதாரணச் சொல்லை அதில் கேட்பது இயல்பே. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்.

மற்றவர்களின் கணக்கு நடைமுறைக் கணக்கு: தலைநகரில் வழக்கானது நாடெங்கும் வழக்காகும், நாம் மட்டும் தனித்து நிற்க வேண்டாம். அப்படியே முடிவாயிற்று. போர்ச்சூழல் உந்தித் தள்ளியது என்பதை மறுக்கவில்லை. ஓராண்டுக்குள் சீனாவோடு முழுப்போர் வெடித்தது. ஆனால் அந்த அறையில் அமர்ந்திருந்தவர்களைச் சீன விரோதிகளாக நான் வாசிக்கவில்லை. தங்கள் கையில் மிஞ்சியிருந்த ஒரு நல்ல சரக்கு சந்தைக்குப் போகிறது. விலாசம் சரியாக இருக்கட்டும் என்று நினைத்த மனிதர்கள். 2005-ல் ஒக்கினாவா மாவட்டச் சட்டமன்றம் அந்த அக்டோபர் 25-ஐயே ‘கராத்தே நாள்’ என்று அறிவித்தது.

அந்தச் சிலேடை எவ்வளவு குறுகிய நிலத்தில் நிற்கிறது என்பதைக் கொரியாவில் பார்க்கலாம். ஜப்பானில் கராத்தே கற்ற கொரியர்கள் 1945 விடுதலைக்குப் பின் ஊரில் பள்ளிகள் திறந்தார்கள். கொரிய ஒலிப்பில் தாங் எழுத்து ‘தாங்’, வெறுமை எழுத்து ‘கோங்’. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எனவே ஒரே கலைக்கு ‘தாங் சூ தோ’, ‘கோங் சூ தோ’ என்று இரண்டு பெயர்கள் பிறந்தன. அமெரிக்க நடிகர் சக் நோரிஸ் கொரியாவில் படைவீரராக இருந்தபோது கற்றது தாங் சூ தோ. ஊர் திரும்பி அவர் வென்றது கராத்தேப் பட்டங்கள். அந்த இரண்டு பெயர்களிலும் ஜப்பானிய நிழல் தெரிந்ததால், தளபதி சோய் ஹோங் ஹி 1955-ல் ‘டேக்வாண்டோ’ என்ற பெயரை முன்வைத்தார். கொரியாவின் பழைய உதை விளையாட்டான ‘தேக்கியோன்’ காதில் ஒலிக்கும்படி தேர்ந்த பெயர். 1961-ல் கொரியப் பள்ளிகளின் சங்கம் ‘தேசூதோ’ என்று இடையில் ஒரு பெயரைச் சோதித்து, 1965-ல் டேக்வாண்டோவுக்குத் திரும்பியது.

தமிழுக்கு வந்தபோதும் சொல் கொஞ்சம் உருமாறித்தான் வந்தது. ஜப்பானியத்தில் மூன்றும் குறில். நாம் ‘ரா’வை நீட்டியது ஆங்கிலத்தார் அந்த இடத்தில் அழுத்துவதைக் கேட்டு. தகரத்தை இரட்டித்தது நம் இலக்கணத் தேவை. ஒற்றைத் தகரம் இரு உயிர்களுக்கிடையே மெலிந்துவிடும், ‘கராதே’ என்று எழுதினால் அடி விழாது.

எழுத்து மாற்றமும் ஒலி மாற்றமும் சேர்ந்து விட்டுச்சென்ற கணக்குவழக்கு உலகக் கராத்தே சம்மேளனத்தின் போட்டி விதிகளில் இருக்கிறது. போட்டியில் செய்ய அனுமதியுள்ள காத்தாக்களின் பட்டியல் அது. நூற்றுச் சொச்சம் பெயர்கள். அதில் ‘சிந்தோ’ ஓரிடத்தில், ‘கங்காகு’ வேறிடத்தில். ‘வான்ஷூ’ ஒன்று, ‘என்பி’ ஒன்று. ‘குஷாங்கு’வும் ‘கன்கூ’வும் தனித்தனி. ‘பின்னான்’ ஐந்தும் ‘ஹெய்யான்’ ஐந்தும் பத்துக் காத்தாக்களாக எண்ணப்படுகின்றன. நூறாண்டில் அசைவுகளும் ஓரளவு பிரிந்துவிட்டன, ஆகவே நடுவர்கள் அப்படி எண்ணுவதில் தவறில்லை.